கராஜ் கதவின் ஸ்பிரிங் உடைந்தால் நாமே மாற்றலாமா?

நியூஜெர்சியில் சொந்த வீட்டில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அதிகாலையில் கராஜிலிருந்து பெரிய வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால், மூடியிருந்த கதவுக்கு மேலே சுவரையொட்டி ஓடும் இரும்புத் தண்டில் கோத்திருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று துண்டாகி, நடுவே இரண்டு அங்குல இடைவெளி தெரிகிறது. சுவிட்சை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது. கதவு அரையடி எழும்பி மறுபடியும் இறங்கிவிடுகிறது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. பழுதுபார்க்க வந்தவர் 420 டாலர் கேட்கிறார். அதே அளவு ஸ்பிரிங் ஜோடி இணையத்தில் 90 டாலருக்குக் கிடைக்கிறது, செய்து காட்டும் காணொளிகளுக்கும் குறைவில்லை. தானே மாற்றினால் என்ன, இதில் உண்மையான ஆபத்து எது, வியாபாரத்துக்காகக் கிளப்பிவிடும் பயம் எது என்று கேட்கிறார்.

கதவு பொருத்தும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரிங்கை நீங்கள் மாற்ற வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி, கராஜ் கதவில் கையே வைக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். இந்தக் கதவில் முறுக்கி அடைத்து வைத்த விசையைத் தாங்கி நிற்கும் பாகங்கள் ஐந்தாறுதான்: ஸ்பிரிங், அதன் இரு முனைகளிலும் உள்ள கோன் எனப்படும் உலோக மூடி, தண்டின் இரு நுனிகளிலும் கேபிள் சுற்றிக்கொள்ளும் உருளையான டிரம், கேபிள், கேபிளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கீழ் பிராக்கெட், ஸ்பிரிங்கை நடுச்சுவரோடு இணைக்கும் தகடு. இவற்றின் ஆணி, போல்ட் எதையும் தளர்த்தாதவரை மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம். செய்தும் ஆக வேண்டும்.

ஏன் இப்படிக் கோடு போடுகிறேன் என்பது கதவு இயங்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் இருக்கும். சாதாரண இரும்புத் தகட்டுக் கதவே சுமார் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ எடை இருக்கும். உள்ளே வெப்பக் காப்புப் பஞ்சு வைத்ததோ மரத்தாலானதோ என்றால் 250 பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு எடையை ஒரு விரலால் பொத்தானை அழுத்தி ஏற்றுகிறோம் என்றால், அதை மோட்டார் தூக்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டார் தூக்குவதில்லை. கதவை மேலும் கீழும் நகர்த்திவிடுவது மட்டுமே அதன் வேலை. எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். கதவு இறங்கும்போது அதன் எடை கேபிளை இழுக்கிறது, கேபிள் டிரம்மைச் சுழற்றுகிறது, டிரம் தண்டைச் சுழற்றுகிறது, தண்டு ஸ்பிரிங்கை முறுக்குகிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து எடையைத் திருப்பித் தூக்கிக் கொடுக்கிறது. நம் ஊர்க் கடை ஷட்டர்களிலும் தத்துவம் இதுதான். அங்கே ஸ்பிரிங் மேல் உருளைக்குள் மறைந்திருக்கிறது, இங்கே கண்ணெதிரே தொங்குகிறது.

ஆகவே ஸ்பிரிங் உச்ச முறுக்கத்தில் இருப்பது கதவு மூடியிருக்கும்போது. வீடு அமைதியாக இருக்கிறது, கதவு அசையாமல் நிற்கிறது, ஆபத்து ஏதுமில்லை என்று தோன்றும் அந்த நிலையில்தான் அதற்குள் அதிக ஆற்றல் அடைந்து கிடக்கிறது. நாலு அங்குல விட்டமுள்ள வழக்கமான டிரம்மில் 7 அடிக் கதவுக்கு ஸ்பிரிங் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கப்பட்டிருக்கும். 8 அடிக் கதவு என்றால் எட்டரை. உங்கள் ஸ்பிரிங் ஆளில்லாத நேரத்தில், மூடிய கதவின் மேல் உடைந்தது தற்செயல் இல்லை.

இனி காணொளிகள் காட்டாத ஒரு கணக்கைப் பார்ப்போம். 150 பவுண்டு கதவு, 2 அங்குல ஆரமுள்ள டிரம். தண்டின் மீது விழும் முறுக்குவிசை 300 அங்குல-பவுண்டு. இரண்டு ஸ்பிரிங்குகள் அதைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றின் பங்கு 150. முறுக்குவதற்காகக் கோனின் பக்கத் துளையில் செருகும் கம்பி 18 அங்குல நீளம் கொண்டது. அதன் நுனியைப் பிடித்திருப்பவரின் கையில் உணரப்படுவது கடைசிச் சுற்றிலும் எட்டு பவுண்டு சொச்சம்தான், நாலு கிலோ கூட இல்லை. முதன்முறை செய்கிறவருக்கு இதுதான் தவறான தைரியத்தைக் கொடுக்கிறது. 'இவ்வளவுதானா' என்று பிடியைத் தளர்த்துகிறார், அல்லது இன்னொரு கம்பியை அடுத்த துளையில் சரியாக நுழைக்காமலே முதல் கம்பியை உருவுகிறார். கம்பி நழுவிவிட்டால் அந்த நாலு கிலோ நாலு கிலோவாக நிற்காது. அடைபட்டிருந்த ஏழு சுற்றும் ஒரே நொடியில் அவிழப் பார்க்கும். துளையிலேயே சிக்கிக்கொண்ட கம்பி கையையோ முகத்தையோ சுவரையோ அடித்த பிறகுதான் நிற்கும். சிக்காத கம்பி பறக்கும். இரண்டு ஸ்பிரிங்குகளும் சேர்ந்து, அந்தக் கதவு முழுவதையும் ஒரு மீட்டருக்கு மேல் தூக்கக்கூடிய ஆற்றலை வைத்திருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. விரல் எலும்பு முறிவு, மணிக்கட்டு முறிவு, பல், கண் என்று இந்த வேலையில் வரும் காயங்களில் பல ஏணியில் நின்றபடி, முகத்தை ஸ்பிரிங்குக்கு நேராக வைத்து வேலை பார்த்தவர்களுக்கு வருபவை.

ஸ்க்ரூடிரைவர் கதையும் இதில் சேர்ந்ததுதான். கோனில் உள்ள துளைகள் வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் அரை அங்குலம். அந்த அளவுக்கு இறுக்கமாகப் பொருந்தும் திட இரும்புக் கம்பிகள் இரண்டு வேண்டும். கைக்கு அகப்பட்ட ஸ்க்ரூடிரைவரையோ மெல்லிய இரும்புக் கம்பியையோ செருகினால் அது துளைக்குள் ஆடும், சாயும், பிறகு வெளியே வந்துவிடும். பழைய கோனாக இருந்தால் துளையின் விளிம்பே உடைந்து போவதும் உண்டு. ஏனெனில் கோன் எஃகில் செய்யப்படுவதில்லை, வார்ப்பு உலோகம்.

உங்கள் நிலைமையில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது. மற்றது இப்போதும் முழு முறுக்கத்தோடு, தண்டையும் டிரம்மையும் கேபிளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'ஸ்பிரிங் உடைந்துவிட்டது, இனி விசை ஏதும் இல்லை' என்று எண்ணி டிரம்மைத் தண்டோடு இறுக்கியிருக்கும் செட் ஸ்க்ரூவையோ நடுத்தகட்டின் போல்ட்டையோ தளர்த்துகிறவர் கை வைப்பது உடையாத ஸ்பிரிங்கின் முழு பலத்தில். தொழில்முறை ஆட்கள் முதலில் தண்டையும், கதவின் ரோலர்கள் ஓடும் தண்டவாளமான டிராக்கையும் கிளாம்ப் போட்டுப் பூட்டுவார்கள். பிறகு நல்ல ஸ்பிரிங்கை, கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிக் கால் கால் சுற்றாக அவிழ்ப்பார்கள். அப்புறம்தான் எதையும் கழற்றுவார்கள். கவனித்துப் பாருங்கள், அவர்கள் ஏணியை ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே போடுவதில்லை. பக்கவாட்டில் நின்று கையை மட்டும் நீட்டுவார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த வேலையைத் தொடங்குகிறவரை நான் வீட்டுக்கு அழைக்க மாட்டேன்.

90 டாலர் ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கை வாங்க மூன்று அளவுகள் தேவை: ஸ்பிரிங்கைச் சுருட்டிய கம்பியின் தடிமன், உள்விட்டம், முறுக்கில்லாத நிலையில் மொத்த நீளம். அதோடு இடச்சுற்றா வலச்சுற்றா என்பதும். தடிமனை அளக்க இருபது சுருள்களின் நீளத்தை டேப்பில் எடுத்து வகுப்பது வழக்கம். இருபது சுருள் 5 அங்குலம் வந்தால் கம்பி 0.250, நாலே முக்கால் அங்குலமும் அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கும் வந்தால் 0.2437. டேப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலம்தான். ஆனால் ஸ்பிரிங்கின் வலு கம்பி விட்டத்தின் நான்காம் மடிப்பெருக்கத்தைப் பொறுத்து மாறுவதால், சுருள்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், இந்தச் சிறு பிழை தூக்கும் விசையில் சுமார் 11 விழுக்காடு வேறுபாட்டைக் கொண்டுவரும். 150 பவுண்டு கதவில் அது 16 பவுண்டு. கதவு தானாக மேலே எழும்பும், அல்லது நடுவழியில் தொப்பென்று இறங்கும். இணையத்தில் வாங்கிய தவறான ஸ்பிரிங்கைப் பொருத்திவிட்டு மோட்டார் மேல் பழி போடும் வீடுகள் நிறைய.

செய்யவே முடியாத வேலையா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். சரியான கம்பிகள், கிளாம்ப், அளவு, அவசரமில்லாத மனம், முறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது ஆகிய அனைத்தும் அமைந்தால் கைவேலை தெரிந்தவர் செய்ய முடியும்; செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை, கற்றுக்கொள்ளும் முதல் நாளிலேயே பிழையில்லாமல் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட காலையில், கார் உள்ளே மாட்டிய எரிச்சலோடு தொடங்குவதற்கு 330 டாலர் மிச்சம் போதுமான காரணமில்லை என்பது என் கருத்து.

அதற்கு முன்பாக, இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று. மறுபடியும் சுவிட்சை அழுத்திப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங்கின் துணையில்லாமல் கதவைத் தூக்க மோட்டாரை வற்புறுத்தினால் உள்ளே இருக்கும் பற்சக்கரம் தேய்ந்துபோகும், அல்லது மோட்டாரின் கை பிடித்திருக்கும் மேல் பேனல், அதாவது கதவின் மேல் பலகை, வளைந்துவிடும். 420 டாலர் பழுது 1,000 டாலரை நோக்கி நகரும். மோட்டாரின் பிளக்கை உருவிவிடுங்கள்.

காரை எடுத்தே ஆக வேண்டுமென்றால், கதவு தரையில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா, இரண்டு பக்கக் கேபிளும் டிரம்மில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கேபிள் தளர்ந்து தொங்கினாலோ கதவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். எல்லாம் நேராக இருந்தால் மட்டும், மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து இணைப்பை விடுவித்த பிறகு, பலமுள்ள பெரியவர்கள் இருவரோ மூவரோ கதவின் அடி விளிம்பைப் பிடித்து ஒரே சீராகத் தூக்கலாம். உங்கள் கதவில் ஒரு ஸ்பிரிங் பாதி எடையைத் தாங்கும். ஒற்றை ஸ்பிரிங் கதவில் முழு எடையும் உங்கள் கைகளில்தான். பேனல்கள் சேரும் இணைப்பில் விரலை வைக்காதீர்கள், கதவு வளையும்போது அந்த இடுக்கு மூடிக்கொள்ளும். முழுவதும் ஏறியதும் இரண்டு பக்க டிராக்கிலும், ஒரு ரோலருக்குச் சற்றுக் கீழே வைஸ் கிரிப் பிளையரை (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி) இறுகப் பூட்டி, அது நிற்கிறது என்று உறுதி செய்த பிறகே காரை எடுங்கள். இறக்கும்போதும் அதே ஆட்கள் வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் கதவு கைமீறும். ஆள் வரும்வரை கதவு மூடியிருக்கும் கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பது கூடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

என்னைக் கேட்டால், முறுக்குகிற வேலையைவிட இந்தச் சிவப்புக் கயிறுதான் சாதாரணக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஆபத்து. ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். கயிற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கதவு மேலே திறந்திருக்கும் நிலையில் ஸ்பிரிங் உடைந்தோ கேபிள் அறுந்தோ போயிருந்தால், கதவை அங்கே பிடித்து வைத்திருப்பது மோட்டாரின் சங்கிலி மட்டுமே. அப்போது ஒருவர் கீழே நின்று கயிற்றை இழுத்தால் அந்த ஒரே பிடியையும் அவரே விடுவிக்கிறார். கதவின் முழு எடையும் அவர்மீது இறங்கும். ஆகவே கயிற்றைக் கதவு மூடியிருக்கும்போது மட்டும் இழுப்பதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்குங்கள். திறந்த நிலையில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டால் யாரும் அடியில் போகாமல், காரையும் எடுக்காமல், கயிற்றையும் பொத்தானையும் தொடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

உங்கள் வீட்டு அமைப்பு இதுவென்றாலும், படிப்பவர்களில் சிலருடைய கராஜில் கதவுக்கு மேலே ஸ்பிரிங் இருக்காது. கூரையையொட்டிச் செல்லும் கிடைமட்ட டிராக்குகளின் பக்கத்தில் நீளமாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும்; கதவு மூடும்போது அவை இழுபட்டு நீளும். அந்த வகையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்பிரிங்கின் உள்ளே ஊடாக ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடி, இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்கிறதா? அது இல்லையென்றால் ஸ்பிரிங் அறுந்த நொடியில் துண்டு கராஜுக்குள் பாயும்; காரின் கண்ணாடி மட்டும் போனால் லாபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய வீடுகளில் இக்கேபிள் இல்லாதது சகஜம், அதைப் போடச் செலவும் குறைவு. ஸ்பிரிங்கே கண்ணில் படாமல் மேலே ஒரு குழாய் மட்டும் தெரிந்தால் அது வெய்ன்-டால்டன் நிறுவனத்தின் டார்க்மாஸ்டர் வகையாக இருக்கலாம். ஸ்பிரிங் குழாய்க்குள் இருக்கிறது, இல்லாமலில்லை.

இனி உங்கள் கைக்கு உரிய வேலைகள். ரோலர்களின் பேரிங், கீல்கள், ஸ்பிரிங்கின் மேற்பரப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கராஜ் கதவுக்கென்று விற்கும் ஸ்பிரேயையோ வெள்ளை லித்தியம் கிரீஸையோ போடுங்கள். எல்லோரும் முதலில் தேடும் சாதாரண டபிள்யூ.டி.-40 துருவை இளக்கும், அழுக்கை எடுக்கும். அதை நீடித்த மசகாக நம்ப முடியாது. டிராக்குக்குள் மசகு எதுவும் பூச வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். தளர்ந்த கீல் போல்ட்டுகளை இறுக்கலாம். தேய்ந்த ரோலர்களை ஒவ்வொன்றாக மாற்றுவதும் கைவேலை தெரிந்தவருக்கு இயலும், கீழ்க்கோடி இரண்டைத் தவிர. அந்த இரண்டும் கேபிள் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் செருகப்பட்டவை. பிராக்கெட்டின் மேல் சிவப்பு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருப்பது சும்மா இல்லை. கதவு மூடியிருக்கையில் அதன் போல்ட்டைக் கழற்றினால் கேபிள் அதைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும்.

ஸ்பிரிங்கின் ஆரோக்கியத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கதவை மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் இடுப்புயரம் வரை தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள், காலை அடியில் வைக்காமல். நல்ல கதவு அங்கேயே நிற்கும். இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. விர்ரென்று ஏறினால் முறுக்கு அதிகம். வழக்கமான ஸ்பிரிங் சுமார் 10,000 முறை ஏறி இறங்கக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. நாளுக்கு நாலு முறை திறந்து மூடும் வீட்டில் அது ஏழாண்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே ஒன்று உடைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று இல்லை. இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே எண்ணிக்கையில் உழைத்தவை. குளிர்காலக் காலைகளில் எங்களுக்குத் தொலைபேசி அதிகம் வந்ததற்குக் காரணம், ஏற்கெனவே களைத்துப்போன எஃகு குளிரில் விறைத்து, அன்றைய முதல் இழுப்பில் கைவிடுவது.

சென்சார் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தானியங்கிக் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு ஓபனர்கள் (கதவை இயக்கும் மோட்டார் கருவிகள்) அனைத்திலும், கதவு ஒரு பொருளில் மோதித் திரும்பும் வசதியோடு கூடுதலாக, வழியில் குறுக்கிடுவதை உணரும் ஒளிக்கதிர்ச் சென்சாரோ, கதவின் அடி விளிம்பில் ஏதாவது படுவதை உணரும் விளிம்புச் சென்சாரோ இருந்தாக வேண்டும். ஒளிக்கதிர்ச் சென்சார் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தவழும் குழந்தை அதற்குக் கீழே நுழைந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். சிலந்தி வலை, கார் இடித்து வளைந்த பிராக்கெட், மாலை வெயில் என்று ஏதோ ஒன்றால் கதவு மூடாமல் திரும்பத் திரும்ப ஏறும்போது, இரண்டு சென்சார்களையும் கழற்றி எதிரெதிரே முகம் பார்க்க வைத்துக் கூரையில் டேப் போட்டு ஒட்டிவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கதவு அதற்குப் பிறகு அழகாக மூடும். அடியில் யார் இருந்தாலும் மூடும். சென்சாரின் கண்ணாடியைத் துடைத்து, அதிலுள்ள சிறு விளக்கு இரண்டு பக்கமும் சிமிட்டாமல் எரியும்வரை பிராக்கெட்டைத் திருப்பிச் சரிசெய்வது பத்து நிமிட வேலை.

மோதித் திரும்பும் வசதியை மாதம் ஒருமுறை சோதிக்கலாம். கதவின் நடுவே தரையில் டூ-பை-ஃபோர் எனப்படும், ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரத்துண்டைப் படுக்கை வாட்டில் வைத்துக் கதவை மூடவிடுங்கள். மரத்தில் பட்டவுடன் கதவு திரும்பி ஏற வேண்டும். மரத்தை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டால் சரிசெய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள். இங்கே நடக்கும் மோசமான தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து கதவு கனக்கத் தொடங்கியதும், ஓபனரில் உள்ள விசை அளவைக் கூட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் திருகு, தடை எதிர்ப்பட்டால் எவ்வளவு அழுத்திய பிறகு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. கதவைத் தூக்கக் கூட்டிய விசை, கீழே சிக்கியவரை நசுக்கவும் கூடியிருக்கிறது. 1993க்கு முந்தைய, சென்சார் இல்லாத ஓபனர் உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பழுதுபார்க்கப் பணம் செலவிடாமல் மாற்றிவிடுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. நகரும் கதவின் அடியில் குனிந்து ஓடிவிடலாம் என்று நினைப்பதும், மின்சாரம் போனதும் கையில் அகப்பட்ட கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் பழக்கமில்லாதவர்களுக்கு இயல்பு. வந்த அன்றே ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டால் போதும். சுவர்ப் பொத்தான் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி குறைந்தது 5 அடி உயரத்திலும், அங்கிருந்து பார்த்தால் கதவு முழுவதும் தெரியும்படியும் இருக்க வேண்டும். 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் சிக்கிய பிறகு, கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் புதிய ஓபனர்களுக்கு பேட்டரி கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் மாநிலத்தில் கட்டாயமில்லை என்றாலும், அடுத்த முறை ஓபனர் வாங்கும்போது பேட்டரி உள்ளதையே வாங்குங்கள்.

420 டாலர் நியாயமா என்ற கேள்விக்கு, இரண்டு ஸ்பிரிங்குகளும் வேலையும் சேர்த்து என்றால் அது கொள்ளை இல்லை. ஆனால் ஒரே ஆளோடு நிற்காமல் இன்னும் இரண்டு இடங்களில் விசாரியுங்கள். வீட்டுக்கு வர 29 டாலர் என்று விளம்பரம் செய்துவிட்டு, வந்ததும் ரோலர், கேபிள், டிரம், பேரிங் எல்லாம் போய்விட்டதாகப் பட்டியல் போடுகிறவர்களே இந்தத் தொழிலின் பெரிய தொல்லை. தொலைபேசியிலேயே, எத்தனை முறை இயங்கும் ஸ்பிரிங், கம்பி அளவு என்ன, இரண்டையும் மாற்றுவீர்களா, காப்பீடு இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கதவின் அகலம், உயரம், தகடு வகையைத் திருப்பிக் கேட்பார். கேட்காமலே விலை சொல்கிறவரை விட்டுவிடலாம். சற்றுக் கூடுதல் விலையில் 20,000 முறைக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங் கிடைத்தால், அடிக்கடி திறந்து மூடும் வீட்டில் அது லாபம்தான். 'ஆயுள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் உத்தரவாதம் ஸ்பிரிங்குக்கு மட்டும், கூலி தனி.

வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன்பு, மோட்டாரை இணைக்காமல் கையால் கதவைத் தூக்கி இடுப்புயரத்தில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மோட்டாரை இணைத்து, மரத்துண்டை வைத்து உங்கள் கண்முன்னே மூடிக் காட்டட்டும். புதிய ஸ்பிரிங்குக்கு ஏற்ப ஓபனரின் விசை அளவையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். இதைப் பலர் செய்யாமலே போய்விடுகிறார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.